ஒரே வீட்டில் இரண்டு தெருக்கள்



ஒரு பாடத்தைத் தொடங்குமுன் மாணவர் மனத்தில் ஒரு வினாவை எழுப்பிவிட வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. பணியினின்று ஓய்வு பெற்று ஆண்டுகள் சில சென்றும் அந்தப் பழக்கம் என்னை விட்டு அகலவில்லை. ஆகவே இன்றும் ஒரு வினாவோடு தொடங்குகிறேன்.

ஒரே கூரையின்கீழ் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று கூடத்து மேசையின்மேல் கம்பியால் பிணைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. மற்றொன்று கம்பியேதுமின்றி மாடியில் ஒரு சிறுமியின் மடியில் கிடக்கிறது. இரண்டும் உலகத்தோடு உறவாடுகின்றன. டில்லியோடும் பேசுகின்றன, இலண்டனோடும் பேசுகின்றன. ஆனால் பத்தொன்பது படிகள் இடையிட்ட இவ்விரண்டும் ஒன்றோடொன்று மட்டும் பேச மறுக்கின்றன. இது ஏன்?

இது புத்தகத்திலிருந்து எடுத்த வினா அன்று. தாம்பரத்தை அடுத்த சேலையூரில், என் வீட்டில், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த வினா. அந்த மாதம் எப்படிப்பட்டது என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கொரோனாவின் இரண்டாம் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஊர் அடங்கிக் கிடந்தது. மகன் வேலை நிமித்தம் வெளியூரில் சிக்கிக்கொண்டான். மருமகளுக்கும் பதினொரு வயதுப் பேத்திக்கும் காய்ச்சல் கண்டது. அவர்கள் இருவரும் மாடியில் தனித்திருந்தனர்; நானும் என் மனைவியும் கீழே இருந்தோம். மூன்று வேளையும் உணவைப் படிக்கட்டின் திருப்பத்தில் வைத்துவிட்டு இறங்கிவிடுவோம். பிறகு மருமகள் வந்து எடுத்துச் செல்வாள்.

பேத்திக்குப் பகலெல்லாம் அயர்ந்த உறக்கம். இரவெல்லாம் இருமலும் விழிப்பும். “தாத்தா, ராத்திரி தூக்கம் வரலை. கதை வேணும்” என்று படிக்கட்டின் மேலிருந்து குரல் கொடுத்தாள். நான் பகலில் கூடத்துக் கணினியின்முன் அமர்ந்து கதைகளை என் குரலில் பதிவு செய்தேன். கணக்குகள் சிலவற்றைப் படத்துடன் எழுதி வைத்தேன். முதல் இரண்டு நாள் அவற்றை மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் வீசிய காற்றில் முருங்கைக் கிளையொன்று முறிந்து, எங்கள் தெருவில் தொங்கிய கண்ணாடியிழைக் கம்பியின்மேல் விழுந்தது. இணையம் அறுந்தது. ஊரடங்குக் காலம்; பழுது பார்ப்பவர் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று.

கைப்பேசியில் ‘சௌக்கியமா’ என்று கேட்க முடிந்தது. ஆனால் எங்கள் மாடி அறையில் அதன் இணையம் நூலிழைபோல ஓடியதால், கதைப் பதிவுகள் பாதி வழியில் நின்றன. சிறு நினைவுக் குச்சி ஒன்றில் பதிந்து சாப்பாட்டுத் தட்டோடு வைத்தேன். பேத்தியிடம் இருந்தது ‘டேப்லட்’ என்னும் பலகைக் கணினி; அந்தக் குச்சியைச் செருகும் துளை அதில் இல்லை. அப்போதுதான் எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. மின்னஞ்சலில் அனுப்பியபோது என் கதை எங்கேயோ ஒரு நாட்டிலுள்ள கணினிக் கூடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, எங்கள் மாடிக்கு ஏறியது. பத்தொன்பது படி ஏற அவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா? வீட்டுக்குள்ளேயே போக ஒரு வழி இராதா?

வழி உண்டு. அதைக் காணுமுன் கம்பியும் கம்பியின்மையும் எவ்வாறு உறவினர் என்பதைச் சற்றே பார்ப்போம்.

கம்பியில்லாக் கலை வானொலி நேயர்களுக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டிலேயே நம் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி ஒலிபரப்பத் தொடங்கினர். ஆனால் வானொலி ஒருவர் பேச ஊரெல்லாம் கேட்பது; கணினிகளுக்கு வேண்டியதோ உரையாடல். அவை இரு பக்கமும் பேச வேண்டும். 1971ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும், கடலால் பிரிக்கப்பட்ட இடங்களிலுள்ள கணினிக் கருவிகளை வானொலி அலைகளால் இணைத்தனர். அந்த முயற்சியை ஆழ்ந்து கற்ற ராபர்ட் மெட்காஃப் என்பார், 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், அதே கருத்தை ஒரு கம்பிக்குள் அமைத்தார். ஒளி பரவுவதற்கு ஊடகமென்று அக்கால அறிஞர் கற்பித்த ‘ஈதர்’ என்னும் பொருளின் பெயரால் அதனை ‘ஈதர்நெட்’ என்று அழைத்தார். ஆகவே இன்று நம் வீடுகளில் ஓடும் கம்பி வலை, கம்பியில்லா வலைக்குத் தங்கை முறை ஆகிறது. பிறகு 1997இல் கம்பியில்லா வலைக்கென ஒரு பொதுத் தரம் வகுக்கப்பட்டது. அதுவே ‘வைஃபை’ என்று நம் பிள்ளைகள் வாயில் புழங்குவது.

இரண்டிலும் மொழி ஏறக்குறைய ஒன்றே. செய்தி சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் எழுதப்படுகின்றன. கம்பியில் அது, நான்கு சோடியாக முறுக்கப்பட்ட எட்டுச் செம்புக் கம்பிகளின் வழியே மின்துடிப்பாக ஓடுகிறது. நூறு மீட்டர் வரை தளராது. காற்றில் அதுவே அலையாகப் பரவுகிறது. கம்பியில் ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை உண்டு. காற்றோ ஒரே வகுப்பறை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆதலால் வைஃபைக் கருவிகள் முதலில் காது கொடுத்துக் கேட்கின்றன. அமைதி நிலவினால்தான் பேசுகின்றன. கை உயர்த்திவிட்டுப் பேசும் நல்ல மாணவர்களைப் போன்றவை அவை.

கம்பியின் பொட்டலத்தை அலையாகவும், அலையின் பொட்டலத்தை மின்துடிப்பாகவும் மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டுமல்லவா? அவரே நம் வீட்டுச் சுவரில் விளக்குகள் மினுக்க அமர்ந்திருக்கும் ‘ரௌட்டர்’ என்னும் பெட்டி. இந்தப் பெட்டிக்கு இன்னும் இரண்டு பணிகள் உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவிலக்கம் வழங்குவது ஒன்று. வெளியுலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே வாயிற்காவல் செய்வது மற்றொன்று.

கதவிலக்கம் என்றேனே, அது நான்கு எண்களால் ஆனது. இம்முறையில் உலகத்துக்கு மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே கிடைக்கும். அவை போதாமற் போகும் என்று கண்டு, 1990களில் சில எண்களை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனிப் பயனுக்கென ஒதுக்கினர். 192, 168 என்று தொடங்குபவை அத்தகையவை. பொதுவாக நம் வீடுகளில் முதல் மூன்று எண்கள் தெருவைக் குறிக்கும். நான்காம் எண் கதவைக் குறிக்கும். இந்தத் தெருவும் கதவும் உங்கள் வீட்டிலும் இருக்கும், என் வீட்டிலும் இருக்கும். வெளியே எவருக்கும் தெரியா. ஆதலால் குழப்பமில்லை. ஒரே தெருவிலிருப்போர் நேரே பேசிக்கொள்ளலாம். வேறு தெருவுக்குப் போக வேண்டுமானால் வாயிற்காவலரிடம் சென்றே ஆகவேண்டும்.

இனி என் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். மடிப்பாக்கத்தில் கணினிகளைப் பழுது பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் கைப்பேசியில் அழைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, இரண்டு கணினிகளின் முகவரியையும் படியுங்கள்.”

கூடத்துக் கணினி காட்டிய எண் 192, 168, 1, 5. மருமகளைக் கேட்டு மேலிருந்து பெற்ற எண் 192, 168, 0, 102. அவர் சிரித்துவிட்டார். “ஐயா, மூன்றாம் எண்ணைப் பாருங்கள். கீழே ஒன்று, மேலே சுழியம். உங்கள் வீட்டுக்குள் இரண்டு தெருக்கள் இருக்கின்றன” என்றார்.

உடனே எனக்கு உண்மை விளங்கிற்று. இணைப்புத் தந்தவர்கள் வைத்த பெட்டி ஒன்று கூடத்தில் இருந்தது. அதன் அலை மாடிக்கு எட்டவில்லை. கான்கிரீட் தளமும் இரும்புப் பீரோவும் அலையை விழுங்கிவிட்டன. அதற்காக ஓராண்டுக்கு முன் கடையிலிருந்து இன்னொரு ரௌட்டர் வாங்கி, முதற்பெட்டியிலிருந்து கம்பி இழுத்துப் படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டினோம். இரண்டாவது பெட்டிக்குத் தான் இரண்டாவது என்று யார் சொன்னார்? அது தன்னையே வீட்டுத் தலைவனாகக் கருதிக்கொண்டு மாடிக்கென்று வேறு தெருவை அமைத்தது. வேறு கதவிலக்கங்கள் வழங்கிற்று. கீழ்த்தளத்தை வெளியுலகம் என்று எண்ணி வாயிலை அடைத்துக் காவல் நின்றது. ஒரே பள்ளிக்கு இரண்டு தலைமையாசிரியர், இரண்டு வருகைப் பதிவேடு! அந்தப் பள்ளி எப்படி நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

தாம்பரத்தில் வாழ்வோருக்கு இதை விளக்குவது மிக எளிது. எங்கள் ஊரை இருப்புப்பாதை இரண்டாகப் பிளக்கிறது. சேலையூர் கிழக்கில் இருக்கிறது. முடிச்சூர் மேற்கில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார இரயில் ஓடுகிறது. கிழக்குத் தாம்பரத்தார் அதில் ஏறி நகரத்துக்குப் போகலாம். மேற்குத் தாம்பரத்தாரும் போகலாம். ஆனால் பாதையைக் கடக்க மேம்பாலமோ சுரங்கவழியோ இல்லாமற் போனால், எதிரெதிரே கண்ணுக்குத் தெரியும் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் காணக் கூடாமற் போகும். இருவரும் கடற்கரை வரை போவார்கள். பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டார்கள். என் வீட்டுக் கணினிகளின் நிலை இதுவே. உலகத்தோடு இணைந்திருப்பது வேறு, அண்டை வீட்டோடு இணைந்திருப்பது வேறு என்பதை நான் அன்று உணர்ந்தேன். இணையம் ஓடிக்கொண்டிருந்த வரையில் இந்தக் குறை எங்கள் கண்ணிற் படவேயில்லை.

சரியாகச் சொன்னால், மாடித் தெருவிலிருந்து கீழ்த் தெருவுக்கு எண்ணைச் சொல்லி வரும் ஒருவழிப்பாதை உண்டு. உள்ளிருந்து புறப்படுவோரை வாயிற்காவலர் தடுப்பதில்லை. ஆனால் கீழிருந்து மேலே போக வழியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலோ எந்தப் பக்கமும் கடக்காது. எங்களுக்கு அந்த ஒருவழியும் வேறொரு காரணத்தால் அடைபட்டிருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். எப்படியாயினும் ஒருவழிப்பாதையை நம்பிக் குடும்பம் நடத்தலாகுமா?

பரிகாரத்தை என் மாணவர் படிப்படியாகச் சொன்னார். நான் சிலேட்டில் எழுதுவதுபோல் தாளில் எழுதிக்கொண்டு செய்தேன். முகத்திரை அணிந்து, படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு முக்காலியை இட்டு அமர்ந்தேன். முதலில் என் கைப்பேசியை இரண்டாம் பெட்டியின் வைஃபையில் சேர்த்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதற்கு இணையம் வேண்டியதில்லை. பெட்டியின் எண்ணை எழுதினாலே போதும். அடுத்து, இரண்டாம் பெட்டியின் சொந்த முகவரியைக் கீழ்த்தெருவைச் சேர்ந்ததாக, ஆனால் வேறு எவருக்கும் வழங்கப்படாத எண்ணாக மாற்றினேன். மூன்றாவதாக, கதவிலக்கம் வழங்கும் பணியை, ‘டி. எச். சி. பி.’ என்று அதற்குப் பெயர், அந்தப் பெட்டியில் நிறுத்தினேன். இனி வீடு முழுவதற்கும் இலக்கம் வழங்குபவர் கூடத்துப் பெட்டி ஒருவரே. கடைசியாக, வெளியுலகக் கம்பிக்கென்று தனியே அமைந்த துளையில் செருகியிருந்த கம்பியைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த சாதாரணத் துளைகளில் ஒன்றில் செருகினேன். அந்த ஒரு செயலால் இரண்டாம் பெட்டி காவல் வேலையை விட்டது. மொழிபெயர்ப்பு வேலையை மட்டும் மேற்கொண்டது. பெட்டிகளை அணைத்து மீண்டும் ஏற்றினோம். மாடிக் கணினியின் எண்ணைக் கேட்டேன். 192, 168, 1, 9 என்றாள் மருமகள். ஒரே தெரு!

ஆயினும் மாடியிலிருந்து தட்டினால் கீழே கதவு திறக்கவில்லை. முன்னே சொன்ன அந்த வேறு காரணம் இதுதான். கூடத்துக் கணினி தன்னைச் சுற்றி ஒரு மதிற்சுவரை எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புதிய வலையில் சேரும்போதெல்லாம் கணினி நம்மை ஒரு கேள்வி கேட்கும்: இது பொதுவிடமா, தனியிடமா? எப்போதோ நான் யோசியாமல் பொதுவிடம் என்று சொல்லியிருந்தேன். அதாவது, என் வீட்டுக் கூடத்தை இரயில் நிலையத்து நடைமேடையென்று கணினி நம்பியிருந்தது. நடைமேடையில் எவர் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராதிருப்பது அறிவுடைமையே. வீட்டுக்குள் அது பொருந்தாது. தனியிடம் என்று மாற்றினேன். ‘பேத்தி’ என்று ஓர் உறை அமைத்து, கதைகளை அதிலிட்டு, கடவுச்சொல்லோடு பகிர்ந்தேன்.

அன்றிரவு மணி பதினொன்று இருக்கும். நான் படுத்திருந்தேன். மாடியிலிருந்து மெல்லிய ஒலி வந்தது. என் குரல்தான், காக்கையும் நரியும் பேசிக்கொண்டிருந்தன. தெருக்கம்பி அறுந்தே கிடந்தது. உலகத்தோடு எங்களுக்குத் தொடர்பில்லை. ஆனால் வீட்டுக்குள் தொடர்பு முழுமையாக இருந்தது. காலையில் ‘பேத்தி’ உறையைத் திறந்தேன்; அதில் நான் வைக்காத கோப்பு ஒன்று இருந்தது. கணக்குகளுக்கு விடை எழுதிப் படமெடுத்து வைத்திருந்தாள். நான்கில் மூன்று சரி. நான்காவதைத் திருத்துவதற்கு அவள் பத்து நாளில் கீழே இறங்கி வந்தாள்.

நேயர்களே, இது என் வீட்டோடு முடியும் செய்தியன்று. கம்பியையும் கம்பியின்மையையும் ஒன்றாகப் பிணைத்து அருகிலிருப்போரை இணைக்கும் கருத்துக்கு நம் தென்சென்னைப் பகுதி ஒருவகையில் உழைத்திருக்கிறது. கிண்டியை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் 1990களில் ‘கார்டெக்ட்’ என்னும் முறையை உருவாக்கினர். தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை கம்பியில்லை. சுவரிலிருந்து தொலைபேசிக்கும் கணினிக்கும் கம்பி. பேசிக்கொண்டே இணையத்தையும் அது வினாடிக்கு 35 ஆயிரம் துணுக்குகள் என்ற வேகத்தில் தந்தது. இன்றைய கணக்கில் அது ஆமை. அன்று அது ஊருக்குக் கிடைத்த வரம்.

தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியருகே வில்லியனூரை மையமாகக்கொண்டு சிற்றூர்களை இணைத்தது. கம்பி எட்டாத ஊர்களுக்கு இருவழி வானொலிக் கருவிகளால் கணினிச் செய்திகளை அனுப்பினர். வீராம்பட்டினம் மீனவர்களுக்கோ, அலையின் உயரம் எவ்வளவு என்னும் செய்தி இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, கரையில் ஒலிபெருக்கியால் அறிவிக்கப்பட்டது. கவனியுங்கள்: உலகம் சுற்றி வந்த செய்தி, கடைசி நூறு முழம் கடந்து கட்டுமரத்தில் ஏறுபவர் காதில் விழுந்தபோதுதான் பயனுற்றது. அந்தக் கடைசி நூறு முழத்தைப் பிறர் நமக்குக் கட்டித்தர மாட்டார்கள், நாமே கட்டவேண்டும்.

நம் நாட்டில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமலே எவரும் பயன்படுத்தலாம் என்று அரசு 2005ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது. 2018 அக்டோபரில் 5 கிகா ஹெர்ட்ஸ் பகுதியிலும் அவ்வுரிமை விரிந்தது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழப் பன்னிரண்டரை சென்டிமீட்டர். சுவரை ஓரளவு கடக்கும், ஆனால் நெரிசல் மிகுதி. இரண்டாவது வேகம் மிக்கது. சுவர் கண்டால் சோரும். ஆதலால் நகராத கருவிகளுக்கு, மேசைக் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் தொலைக்காட்சிக்கும், கம்பியே இழுத்து விடுங்கள். நடமாடும் கருவிகளுக்குக் காற்றை விட்டு வையுங்கள். வகுப்பறையில் கூட்டம் குறைந்தால் மீதமுள்ளோர்க்குப் பாடம் நன்றாகக் கேட்கும்.

இன்னும் இரண்டு சொல்லி முடிக்கிறேன். விருந்தினர்க்கென்று பெட்டியில் தனி வைஃபை ஒன்று இருக்கும். அதில் சேர்ந்த கருவிகள் வீட்டுக் கருவிகளைக் காணாதபடியே அமைந்திருக்கும். அது பழுதன்று, பாதுகாப்பு. வீட்டார் தவறி அதில் சேர்ந்துவிட்டு, அச்சுப்பொறி தெரியவில்லையே என்று வருந்தற்க. மற்றொன்று: பெட்டியோடு கடையில் வரும் கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றுங்கள். வீட்டுக்குள் கதவுகள் திறந்திருக்க வேண்டுமானால் தெருக்கதவு பூட்டியிருக்க வேண்டும்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். அவ்விரண்டு கணினிகளும் பேசாதிருந்தது கம்பியின் குற்றமும் அன்று, காற்றின் குற்றமும் அன்று. ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் தலைமை கொண்டாடியதும், அவற்றில் ஒன்று தன் வீட்டாரையே அயலாராக எண்ணியதுமே குற்றம். ஆகவே இன்று மாலை உங்கள் வீட்டுக் கருவிகள் இரண்டின் முகவரியை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று எண்கள் ஒத்திருந்தால் மகிழுங்கள். ஒவ்வாவிடில், மழைக்காலம் வந்து தெருக்கம்பி அறுவதற்குமுன், ஒரு தெருவாக்கி விடுங்கள். 2015 திசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கண்ட ஊரிலிருந்து இதைச் சொல்கிறேன். எங்கள் பகுதியார்க்கு, வெளித்தொடர்பு அறும் நாள் வராது என்று எண்ணியிருக்க இயலாது. அந்த நாளில் வீட்டுக்குள் இருப்போராவது ஒருவரையொருவர் எட்டும்படி இருக்கட்டும்.